மேதினியின் வார விடுமுறை

நாற்பத்தைந்து நாள் நடந்த வேலைநிறுத்தத்தில் நாற்பத்தோராம் நாள் காலையில் தவசிமுத்து மில்லுக்குள் வேலைக்குப் போனான், அவன் மனைவி கனகமணி கேட்டுக்கு வெளியே எங்களோடு நின்று அவன் போவதைப் பார்த்தாள், நான்கு நாள் கழித்து நாங்கள் எல்லோரும் கேட்டதில் கால்வாசிகூட வாங்காமல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அதே கேட்டுக்குள் போனோம், என்றாலும் அந்த நான்கு நாளை அவளால் மன்னிக்க முடியவில்லை. ஊரில் குடும்பங்கள் எதில் எதிலோ உடைகின்றன. கண்டியூரணியில் அந்தக் குடும்பம் நான்கு நாளில் உடைந்தது.

அவர்களுக்கு ஒரே பெண் பிள்ளை, ஒன்பது வயது. மே மாதம் முதல் தேதி பிறந்தாள் என்பதற்காக மேதினி என்று சங்கம் பெயர் வைத்தது. அதற்குப் பிறகு சங்கம் அவளுக்காகச் செய்த ஒரே காரியம் அந்த ஒப்பந்தம்தான். விவாகரத்து வழக்கு ஜில்லாக் கோர்ட்டில் வாய்தா வாய்தாவாக ஓடிக்கொண்டிருந்தபோது, பிள்ளை யாரிடம் இருப்பது என்பதை நாமே பேசி முடித்துவிடலாம் என்றார் சங்கச் செயலாளர் பால்வண்ணன். அவர் முப்பது வருஷமாக எல்லாவற்றையும் பேசி முடித்தவர். எங்கள் போனஸைப் பேசி முடித்தார், பஞ்சப்படியைப் பேசி முடித்தார், கேன்டீனையும் பேசி முடித்துவிட்டார், இப்போது அங்கே ஆடு கட்டியிருக்கிறது.

குழந்தையை நடுவில் வைத்துத்தான் பேச வேண்டும் என்று அவர் எங்கோ படித்திருந்தார். ஆகவே சங்க ஆபீஸில் மேதினியை ஒரு ஸ்டூலில் ஏற்றி மேசைக்கு நடுவாக உட்காரவைத்து, ஒரு பக்கம் தவசிமுத்துவும் மறுபக்கம் கனகமணியும் நிர்வாகமும் தொழிலாளரும் போல எதிரும் புதிருமாக உட்கார்ந்து, அவள் தலைக்கு மேலாக மூன்று மணி நேரம் பேசினார்கள். புதிதாக எழுத யாருக்குப் பொறுமை இருந்தது? போன ஊதிய ஒப்பந்தத்தின் நகல் மேசையில் கிடந்தது. நிர்வாகம் என்ற இடத்தில் தந்தை என்றும், தொழிலாளர் என்ற இடத்தில் தாய் என்றும், வேலை என்ற இடத்தில் குழந்தை என்றும் மாற்றி எழுதினோம். எழுதிய கை என்னுடையது. திங்கள், புதன், வெள்ளி தாயிடம். செவ்வாய், வியாழன், சனி தந்தையிடம். காலை ஏழு மணிச் சங்குக்கு மில் கேட்டில் ஒப்படைப்பு. டைம் ஆபீஸ் நோட்டில் இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். ஞாயிறு வார விடுமுறை. கடைசி வரி பழைய ஒப்பந்தத்தில் இருந்தது, அடிக்க மறந்துபோனேன். இருவரும் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள், ஏனென்றால் எங்கள் ஊரில் ஒப்பந்தத்தை வாசிக்கிற பழக்கம் கிடையாது.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, மில் காலனியின் நாலாவது லைனில் தவசிமுத்து வாடகைக்கு எடுத்திருந்த ஒற்றை அறையில், மேதினி தோசை தின்றுகொண்டிருந்தாள். அவன் சட்னி எடுக்கத் திரும்பினான், எடுத்துக்கொண்டு வந்தான். தட்டில் பாதித் தோசை இருந்தது, செம்பில் தண்ணீர் இருந்தது, பிள்ளை இல்லை. கதவு உள்தாழ் போட்டபடி இருந்தது. அதைக்கூட யோசிக்காமல் அவன் நேராகக் கனகமணி வீட்டுக்குப் போய்த் தெருவில் நின்று கத்தினான்.

"பிள்ளையைத் தூக்கிட்டு வந்துட்டியா?"

"உன்கிட்ட இருந்த பிள்ளையை என்கிட்ட வந்து கேக்குறியே, தின்னுட்டியா அவளை?"

"யாருடி தின்னது?"

"நாப்பத்தோராம் நாள் உள்ள போய்த் தின்னவன்தானே நீ! உனக்குப் பிள்ளை எந்த மூலைக்கு?"

அன்று முழுவதும் கிணறுகளில் பாதாளக் கரண்டி போட்டார்கள், கண்மாயில் இறங்கினார்கள், பஸ் நிலையத்தில் ஆளை நிறுத்தினார்கள். திங்கள் காலை ஏழு மணிச் சங்கு ஊதியபோது மேதினி மில் கேட்டில் நின்றாள். தலையில் எண்ணெய் வைத்து நாலு கால் பின்னல் போட்டிருந்தது, அப்படிப் பின்னத் தெரிந்தவர்கள் காலனியில் ஒருவரும் இல்லை. செருப்பில் செம்மண் ஒட்டியிருந்தது, எங்கள் ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் முப்பது மைலுக்குக் கரிசல்தான். கனகமணி முதலில் ஓர் அறை கொடுத்தாள், பிறகு கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு எங்கேடி போனே என்று கேட்டாள்.

"ஞாயிறு வார விடுமுறைன்னு போட்டிருக்குல்லம்மா," என்றாள் மேதினி. மூன்று மணி நேரம் மூக்குக்குக் கீழே கிடந்த காகிதத்தை அந்த அறையிலேயே அவள் ஒருத்திதான் முழுதாக வாசித்திருந்தாள்.

அடுத்த ஞாயிறும் அப்படியே ஆனது, அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. ஏழு மணி வரை அப்பா வீட்டில் இருப்பாள், பிறகு இருக்க மாட்டாள், திங்கள் ஏழு மணிக்குக் கேட்டில் நிற்பாள், வயிறு நிறைந்து, முகம் தெளிந்து, ஒரு வாரத்துக்குப் போதுமான ஏதோ ஒன்றை வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி. போலீஸ் ஏட்டு முதல் ஞாயிறு காணவில்லை என்று எழுதினார், திங்கள் வந்துவிட்டாள் என்று எழுதினார், ஐந்தாவது வாரத்திலிருந்து நேரத்தை மிச்சம் பிடிக்க இரண்டையும் வெள்ளிக்கிழமையே எழுதி வைத்துக்கொண்டார். அம்மன் கூப்பிடுகிறாள் என்றார் பூசாரி, கூப்பிடுகிறது அம்மன் இல்லை என்றார் சபைப் போதகர். எங்கள் வாசகசாலைத் தோழர்கள் இப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று தீர்மானம் போட்டார்கள், அதுவும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாய் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார் டீச்சர். 'அது விடுமுறை' என்று ஒரு வரி எழுதிப் பூஜ்யம் வாங்கினாள்.

புருஷன் பெண்டாட்டி சண்டை நடக்கிற வீடுகளிலிருந்து பதினோரு ஜோடி வந்து எங்களிடம் அந்த ஒப்பந்தத்தின் நகலை வாங்கிக்கொண்டு போனார்கள். தங்கள் பிள்ளைகளும் வாரத்தில் ஒரு நாள் எங்காவது தொலைந்தால் நிம்மதியாகச் சண்டை போடலாம் என்பது அவர்கள் கணக்கு. கையெழுத்தும் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைகள் அசையாமல் வீட்டிலேயே உட்கார்ந்து டிவி பார்த்தன. எங்களிடம் வந்து குறை சொன்னார்கள், சங்க முத்திரை சரியாக விழவில்லை என்று சொல்லி அனுப்பினோம்.

இதைவிடக் கேவலம், இரண்டு மாதத்தில் பெற்றவர்களுக்கே ஞாயிற்றுக்கிழமை பழகிப்போனது. தவசிமுத்து பாதித் தோசைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சீட்டு விளையாடப் போனான். கனகமணி மத்தியானம் வரை தூங்கினாள், எழுந்து தலைக்குக் குளித்தாள், அக்காள் வீட்டுக்குப் போனாள். பிள்ளை எங்கே என்று புதிதாக வந்தவர்கள் கேட்டால், "அவ லீவுக்குப் போயிருக்கா" என்று, மாமா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்பதைப் போலச் சொன்னாள்.

அப்படியே போயிருக்கும். ஆனால் திங்கள் தாயின் நாள். லீவு முடிந்து வருகிற பிள்ளையின் அந்தத் தெளிந்த முகம் வாரா வாரம் கனகமணிக்கே போகிறது என்பதும், தன்னிடம் செவ்வாய்க்கிழமை வரும்போது அதில் பாதி கரைந்துபோகிறது என்பதும் தவசிமுத்துவின் மண்டையில் ஒருநாள் ஏறிவிட்டது. ஏறியதும் கோர்ட்டுக்குப் போனான். கோர்ட்டில் இதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்படவில்லை. ஞாயிறு எந்தத் தரப்புக்கு என்று ஒப்பந்தத்தில் தெளிவில்லை, ஆகவே சமரச மையத்துக்குப் போங்கள் என்று சொல்லி அடுத்த வழக்குக் கட்டை எடுத்தார்கள்.

சமரச மையத்தில் வக்கீல் சாருமதி இருந்தாள். குழந்தையை மையமாக வைத்துப் பேசுவது எப்படி என்று மூன்று நாள் பயிற்சி எடுத்துச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். அவள் அறையில் சுவர் முழுக்க ஒட்டகச்சிவிங்கி வரைந்திருந்தது, கலர் பென்சில்கள் இருந்தன, ஒரு காது பிய்ந்த கரடி பொம்மை இருந்தது, அதைக் கட்டிப்பிடிக்காத பிள்ளைகளைப் பற்றி ஃபைலில் குறிப்பு எழுதுவாள். அம்மாவையும் அப்பாவையும் சுவரோரம் வாய் திறக்காமல் உட்காரச் சொல்லிவிட்டு, தரையில் சப்பணம் போட்டு மேதினிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"குட்டிம்மா, ஞாயித்துக்கெழமை எங்கடா போறே?"

"லீவுக்கு."

"லீவுக்கு எங்க?"

"லீவுல இருப்பேன்."

"யார்கூட இருப்பே? ஆன்ட்டிகிட்ட சொல்லலாம், ஆன்ட்டி ஃப்ரெண்டு மாதிரி."

"நீங்க லீவுல யார்கூட இருப்பீங்க?"

"எனக்கு ஏதுடா லீவு? ஞாயித்துக்கெழமையும் இங்கதான்."

"அப்ப உங்களுக்குச் சொன்னாப் புரியாது," என்றாள் மேதினி, மரியாதையாகத்தான்.

சாருமதி விடவில்லை. உனக்கு என்ன வேண்டும், மனசில் இருப்பதைச் சொல், நீ சொல்வதுதான் இங்கே முக்கியம் என்றாள். மேதினி கரடி பொம்மையைத் தள்ளி வைத்தாள்.

"திங்கள், செவ்வாய், எல்லா நாளையும் எடுத்துக்கங்க. ஞாயித்துக்கெழமையத் தொடாதீங்க."

அதைச் சாருமதி 'குழந்தையின் கருத்து' என்ற தலைப்பின் கீழ் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு சொல் விடாமல் எழுதினாள், வாசித்துக் காட்டினாள், வாசித்தோம் என்று இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்கினாள், பக்கத்தைத் திருப்பினாள், அடுத்த பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமையை இரண்டாக வெட்டினாள். காலை ஏழு முதல் மாலை ஏழு வரை தாய்க்கு, மாலை ஏழு முதல் திங்கள் மாலை ஏழு வரை தந்தைக்கு. திங்கள் மாலை தாய்க்கு. பந்த் நாள், தேர்தல் நாள், நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும் பிப்ரவரி இருபத்தொன்பது, பஸ் ஓடாத நாள், ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கு நடக்கிற பன்னிரண்டு நிமிஷம், எல்லாவற்றுக்கும் ஒரு சொந்தக்காரர் எழுதி, எலி நுழையச் சந்து இல்லாமல் அடைத்தாள். இருபத்திரண்டு ஷரத்து. வெள்ளிக்கிழமை கையெழுத்தானது. கைதட்டினார்கள், ஒட்டகச்சிவிங்கிக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடித்தார்கள். பால்வண்ணனுக்கு மட்டும் வயிற்றெரிச்சல். பிள்ளைக்காக அல்ல, சங்கத்தின் ஒப்பந்தத்தை ஒரு பொம்பளை ரத்து செய்துவிட்டாளே என்று. கண்டனச் சுவரொட்டி ஒன்று எழுதித் தரச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன், அதில் மேதினியின் பெயர் ஓர் இடத்தில்கூட வரவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தாயிடம் ஒப்படைக்க அவளைக் கூட்டிக்கொண்டு தவசிமுத்து கேட்டுக்கு வந்தான், கனகமணி கை நீட்டினாள், நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. பிள்ளை போய்விட்டாள். பழக்கம்தானே என்று இருந்தார்கள். திங்கள் காலை சங்கு ஊதியது. கேட்டில் யாரும் இல்லை. சங்கு ஊதி முடித்த பிறகும் யாரும் இல்லை. செவ்வாய் ஊதியது, புதன் ஊதியது. நாங்கள் எத்தனையோ வேலைநிறுத்தம் நடத்தியிருக்கிறோம், பந்தல் போட்டு, மைக் கட்டி, மூன்று வேளையும் கஞ்சி காய்ச்சி. ஒரு கோஷம் கூடப் போடாமல் இத்தனை கட்டுப்பாடாக நடந்த ஒரு வேலைநிறுத்தத்தை நான் பார்த்ததில்லை.

இனி ஊர் செய்ததைச் சொல்கிறேன். டைம் ஆபீஸ் நோட்டில் கையெழுத்துப் போடாவிட்டால் கோர்ட் அவமதிப்பு ஆகிவிடும் என்று சாருமதி எழுதி அனுப்பினாள். ஆகவே ஒப்படைப்பு நிற்கவில்லை. இருபத்திரண்டு ஷரத்தில் சொன்ன அத்தனை நேரத்துக்கும் அவனும் அவளும் கேட்டுக்கு வந்தார்கள், ஒருவர் 'ஒப்படைத்தேன்' என்று எழுதினார், மற்றவர் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதினார், வெறுங்காற்றை அழைத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். டைம் கீப்பர் நேரம் குறித்தார். நாங்கள் ஷிப்டுக்குப் போகிற வழியில் நின்று பார்த்துவிட்டு, சட்டப்படி சரியாகத்தான் நடக்கிறது என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனோம்.

மூன்றாவது வாரம் ஒருநாள் மாலை கனகமணி வரத் தாமதமாயிற்று.

"நாலு நிமிஷம் லேட்டு," என்றான் தவசிமுத்து. "நோட்டுல எழுதட்டுமா? பிள்ளையை வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நான் காத்துக்கிட்டு நிக்கிறது?"

"எழுது," என்றாள் அவள். "லேட்டுன்னு எழுது. எந்தப் பிள்ளையை வாங்கிக்கிட்டுப் போறேன்னும் சேர்த்து எழுது."

அவன் அவளுடைய இடுப்புக்குப் பக்கத்தில், ஒன்பது வயதுப் பிள்ளை நின்றால் தலை வருகிற உயரத்தில், வெகுநேரம் பார்த்தான். பேனாவை மூடினான். அன்று கையெழுத்துப் போடவில்லை. கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள், வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஒரே பெஞ்சில் அவர்கள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை, காலனியே ஜன்னலுக்கு ஜன்னல் வந்து நின்றது, சேர்ந்துவிட்டார்கள் என்றும் சிலர் சொல்லிக்கொண்டார்கள். சேரவில்லை. இன்றுவரை சேரவில்லை.

மறுநாள் பால்வண்ணனிடம் வந்து, ஞாயிறு பிள்ளைக்கே என்று சங்கக் காகிதத்தில் எழுதித் தரும்படி கேட்டார்கள். கமிட்டி கூட வேண்டும் என்றார் அவர். சாருமதியிடம் போனார்கள், புது மனு போடுங்கள், ஆறு மாதம் ஆகும், குழந்தையை நேரில் ஆஜர்படுத்த வேண்டும் என்றாள். அதற்குப் பிறகு டீக்கடைக்கே திரும்பி வந்து, எங்கள் கண்டனச் சுவரொட்டி ஒன்றைக் கிழியாமல் உரித்து, பின்பக்கம் திருப்பி, அவன் எழுத அவள் சொன்னாள்.

"ஞாயிற்றுக்கிழமை மேதினிக்குக் கொடுக்கிறோம்னு போடவா?"

"கொடுக்க அது என்ன உங்க அப்பன் வீட்டு நெலமா? ஞாயிற்றுக்கிழமை மேதினியோடதுன்னு போடு."

"சரி. எங்கே போனேன்னு கேக்க மாட்டோம்."

"நான் கேக்க மாட்டேன். நீ கேப்பே."

"நான் ஏன் கேக்கப் போறேன்? உங்க அம்மா கேப்பா."

"எங்க அம்மா வாயை நான் பாத்துக்கறேன். நீ ஒன் வாயைப் பாரு. எழுது."

மைதாப் பசை காய்ச்சி அதை மில் கேட்டிலேயே ஒட்டினார்கள், எங்கள் சுவரொட்டிகளுக்கு மேல், சங்கத்தின் பெயர் மறைகிற மாதிரி. எழுத்துப் பிழை இருந்தது, வரி கோணியிருந்தது, முத்திரை இல்லை, தேதி இல்லை.

திங்கள் காலையில் ஊர் முழுக்கக் கேட்டில் கூடிவிட்டது. பூசாரி வந்தார், போதகர் வந்தார், வாசகசாலை வந்தது, ஏட்டு வந்தார், சாருமதி ஃபைலோடு காரில் வந்தாள். முறுக்கு விற்றார்கள். எல்லோரும் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றோம், எந்தப் பக்கமிருந்து வருகிறாள் என்று பார்த்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் கவலை, வருவாளா என்று கவலைப்பட்டவர்கள் அங்கே இரண்டே பேர். சங்கு ஊதியது. பாதையில் யாரும் வரவில்லை. திரும்பினால் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேதினி கேட்டுக்கு முன்னால் நின்று சுவரொட்டியை மேலிருந்து கீழ்வரை வாசித்துக்கொண்டிருந்தாள். பாவாடையின் கீழ் மடிப்பை யாரோ பிரித்து இரண்டு விரல் இறக்கித் தைத்திருந்தார்கள். அவ்வளவு வளர்ந்திருந்தாள்.

கனகமணி ஓடி வந்து எட்டடிக்கு முன்னால் நின்றாள். தவசிமுத்து மறுபக்கம் எட்டடியில் நின்றான். அவள் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்தியிருந்தாள். அவன் பல்லைக் கடித்திருந்தான். கேட்கத் துடித்தது இருவருக்கும் முகத்தில் தெரிந்தது, இருவரும் கேட்கவில்லை.

சாருமதி கேட்டாள். முன்னால் வந்து, முட்டி போட்டு, பிள்ளையின் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணை வைத்து, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி மிக மெதுவாக, மிக அன்பாகக் கேட்டாள்.

"எங்கடா செல்லம் போயிருந்தே? ஆன்ட்டிகிட்ட மட்டும் சொல்லு."

ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டியது, நானும்தான். மேதினி ஒரு காலைப் பின்னால் வைத்தாள். வைத்த கால் கணுக்கால் வரை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது.

"ஏ பொம்பளை!" என்று கனகமணி போட்ட சத்தத்தில் டைம் கீப்பர் கையிலிருந்த நோட்டு விழுந்தது. "லீவுல என்ன செஞ்சேன்னு கேக்க நீ யாரு? எந்த முதலாளியும் எங்ககிட்ட அப்படிக் கேட்டதில்ல, எந்திரி!"

"எந்திரிங்க மேடம்," என்றான் தவசிமுத்து. அதற்குள் அவன் பிள்ளைக்கும் சாருமதிக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டான், அவனுக்குப் பக்கத்தில் தோளோடு தோள் இடிக்கக் கனகமணி வந்து நின்றாள், அதற்கு அப்பால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவர்கள் திரும்பிப் பார்க்கவும் இல்லை, பிள்ளை இருக்கிறாளா போய்விட்டாளா என்று. எங்களையே முறைத்துக்கொண்டு நின்றார்கள், நாங்கள் கலைகிற வரை.

கூட்டம் முனகிக்கொண்டே கலைந்தது. இத்தனை பேர் இவ்வளவு அக்கறையோடு வந்தும் ஒரு வார்த்தை சொல்லவிடாத இவர்கள் பிள்ளை வளர்க்கவே லாயக்கில்லாதவர்கள் என்று சொல்லிக்கொண்டு போனார்கள், பால்வண்ணனும் சொன்னார். கடைசி ஆளும் போன பிறகு இருவர் முதுகுக்கும் பின்னாலிருந்து, "பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, யாராவது ஜடையை அவுத்து ரெட்டைப் பின்னல் போட்டு விடுங்க," என்று குரல் வந்தது.

சாருமதி காருக்குள் உட்கார்ந்து, முத்து முத்தான கையெழுத்தில், அன்றைய அறிக்கையை எழுதினாள்: 'இரு தரப்பினரும் ஒத்துழைக்க மறுத்துவிட்டனர்.'